பதிவில் இருப்பவர்

"கேமரா பதிவுல இருக்கிறவரேதாம்மா விண்ணப்பிக்கணும். விதி அப்படி." கவுன்ட்டர் கண்ணாடிக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாகத் தாளைத் திருப்பித் தள்ளினார் போக்குவரத்துக் கழகத் தகவல் அதிகாரி.

சின்னவள் அதை மறுபடி உள்ளே தள்ளினாள். "சார், பதிவுல இருக்கிறவர் எங்க அப்பா. இப்போ வீட்டுக் கூடத்துல கிடத்தியிருக்கோம். நாலு மணிக்கு எடுக்கணும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "மனசுக்குக் கஷ்டமா இருக்கும்மா. அப்போ வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க."

"அது எப்போ கிடைக்கும்?"

"அது எங்க துறை இல்ல."

"சரி, பஸ்ல எடுத்த படம் எத்தனை நாளைக்கு அழியாம இருக்கும்? அதையாவது சொல்லுங்க."

"அதைச் சொல்ல முடியாது. பாதுகாப்பு விஷயம்."

"அந்த பஸ்ல கேமரா வேலை செஞ்சுதா, இல்லையா?"

"அதுவும் பாதுகாப்புதான்."

"ஒவ்வொரு சன்னல்லயும் ஒட்டி வச்சிருக்கீங்களே, 'நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்'னு. அது எதுக்கு சார்?"

"பயணிகளோட தகவலுக்கு."

"அந்தத் தகவலைத்தான் நானும் கேக்கிறேன்."

வரிசையில் பின்னால் நின்ற யாரோ சிரித்து, அவள் திரும்பியதும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

அவள் கேட்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அப்பா தினமும் போய்வந்த வட்டப் பேருந்துக்குக் கடைசி நிறுத்தம் என்று ஒன்று கிடையாது; ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது வீட்டு பால்கனிக்குக் கீழே திரும்பித்தான் அடுத்த நிறுத்தத்துக்குப் போகும். அந்தத் திருப்பத்தில் சன்னலோரம் இருந்து அப்பா கை காட்டுவார், மேலே நின்று அம்மா கை காட்டுவாள். கல்யாணமான புதுசில் தொடங்கிய பழக்கம். பேரன் பிறந்த பிறகும் விடவில்லை. "இவங்க ரெண்டு பேருக்கும் இன்னும் நிச்சயதார்த்தமே முடியல," என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

முந்தாநாள் காலையில் சின்னச் சண்டை. அம்மாவின் உடைந்த மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து கொண்டுவராமல் மூன்றாவது முறையாக மறந்துவிட்டு வந்திருந்தார் அப்பா. "உங்க தலையை மறக்காம கழுத்துலயே வச்சிருக்கீங்களே, அதுவே பெருசு," என்றாள் அம்மா. அப்பா நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பினார்.

மதியத்துக்கு மேல் பேருந்து வந்தது. அதே இடம், அதே நீலச் சட்டை. அம்மா கை காட்டினாள். அவர் காட்டவில்லை. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு முகம் தெரியவில்லை. பேருந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தபோதும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். வீம்புக்கு இறங்காமல் சுற்றுகிறார் என்று அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாலையில் ஆள் மாறும்போது நடத்துநர்தான் தோளைத் தொட்டு எழுப்பிப் பார்த்திருக்கிறார். "தூங்குறார்னு நினைச்சேங்க," என்று மருத்துவமனை வாசலில் நின்று அழுதாராம். எப்போது போனது உயிர் என்று கேட்டதற்கு, "மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவுல," என்றார் டாக்டர்.

அம்மா அழவில்லை. இன்று காலை உடல் வீட்டுக்கு வந்ததும் சின்னவளை மட்டும் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"நான் முதல்ல கை காட்டினப்போ அவர் இருந்தாராடி, இல்லையா?"

"அம்மா..."

"இருந்துட்டே காட்டாம போனாரா? அதை மட்டும் கேட்டுட்டு வா. அந்த பஸ்லதான் கேமரா இருக்கே. அது தெரியாம நான் தூக்கவிட மாட்டேன்."

கேமரா இருப்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு சின்னத் திரை. அதில் பயணிகள் எல்லாரும் தெரிவார்கள். "ஒருத்தன் பார்த்துக்கிட்டே இருக்கான், மூக்கைக்கூட நிம்மதியா சொறிய முடியல," என்பார் அப்பா. ஆனாலும் அந்தத் திரையைப் பார்த்துத்தான் தலைவாரிக்கொள்வார்.

கைப்பேசி அதிர்ந்தது. அண்ணன்.

"எங்கடி இருக்கே? வண்டி வந்து நிக்குது."

"இன்னும் கொஞ்ச நேரம்ணா."

"உனக்கென்ன பைத்தியமா? பார்த்து என்ன ஆகப்போகுது? அவர் எழுந்து வரப்போறாரா?"

"அம்மா என்ன பண்றாங்க?"

"பால்கனியில நிக்கிறாங்க. எவ்வளவு கூப்பிட்டாலும் கூடத்துக்கு வரமாட்டேங்கிறாங்க. நீ வந்துதான் சொல்லணும்."

அவள் பையைத் திறந்து, மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக் கவுன்ட்டர் கண்ணாடியில் வைத்துக் காட்டினாள். உள்ளே ஒரு பயணச்சீட்டும், புதுக் கால் போட்ட மூக்குக்கண்ணாடியும் இருந்தன.

"எந்த பஸ், எந்த நேரம், எல்லாம் இந்தச் சீட்டுல இருக்கு சார். எனக்குப் படம் வேண்டாம். நீங்களே பாருங்க. அந்தத் திருப்பத்துல எங்கப்பா தலை நிமிர்ந்து இருந்துதா, சாய்ஞ்சு இருந்துதா? ஒரு வார்த்தை போதும்."

அதிகாரி சீட்டை வெகுநேரம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நானே பார்க்க முடியாதும்மா. எனக்கு அனுமதி கிடையாது. எழுதிக் குடுத்துட்டுப் போங்க. முப்பது நாளைக்குள்ள பதில் வரும்."

"அதுக்குள்ள அந்தப் படம் அழிஞ்சிடுமா?"

அவர் தன் தலைக்கு மேலே சுவரில் இருந்த கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாளை எடுத்து, முத்திரை குத்தினார்.

வெளியே வெயில். அம்மாவிடம் என்ன சொல்வது? சாய்ந்திருந்தது என்று சொன்னால், பிணத்துக்குக் கை காட்டியவள் ஆவாள். நிமிர்ந்திருந்தது என்றால், கோபத்தோடு போனவரின் மனைவி. தெரியவில்லை என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒரு ஊரே சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதரை ஒருவரும் பார்க்கவில்லை என்பதை எந்த அம்மா நம்புவாள்?

வட்டப் பேருந்து வந்து நின்றது. ஏறினாள். சன்னலோர இருக்கை காலியாக இருந்தது. ஒரு கணம் தயங்கி, அதிலேயே உட்கார்ந்தாள். திரையில் தலை கலைந்த ஒரு பெண் மடியில் பிளாஸ்டிக் உறையோடு இருந்தாள். கையைத் தூக்கி முடியை ஒதுக்கினாள். அந்தப் பெண்ணும் சற்றுத் தாமதமாக ஒதுக்கினாள். எவர் வேண்டுமானாலும் பார்க்கலாம், இப்போது நடப்பதை.

பேருந்து திரும்பியது. வாசலில் கூட்டம், வண்டி. மேலே பால்கனியில் அம்மா தனியாக, கம்பியைப் பிடித்தபடி, கண்களைச் சுருக்கி இந்தச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி சின்னவளின் மடியில் இருந்தது.

அம்மாவின் கை மெல்ல மேலே வந்தது.

சின்னவள் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி அசைத்தாள். நிறுத்தம் வரும்வரை அசைத்துக்கொண்டிருந்தாள்.