புதன்கிழமை மடி

"இனிமே நீ என் மக சிட்டுவைத் தொடாத. உன் கை பட்டுத்தான் அவளுக்குக் காய்ச்சல்" என்றாள் மூத்த மருமகள், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில்.

பரிமாறிக்கொண்டிருந்த இளைய மருமகளின் கை அப்படியே நின்றது. கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. அந்த வீட்டில் அதுவரை யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது மாமியாருக்குத் தைரியம் வந்துவிட்டது.

"நானே சொல்லணும்னு இருந்தேன். பெறாதவ கண்ணு பச்சைப் பிள்ளைக்கு ஆகாது."

இளையவளின் புருஷன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தான்.

கை பட்டுக் காய்ச்சல் என்பது பொய் என்று மூத்தவளுக்கே தெரியும். சிட்டு போகும் மழலையர் மையத்தில் புதன்கிழமைதோறும் சிறப்பு வகுப்பு. ஒரு வாரம் களிமண், ஒரு வாரம் பாட்டு. வீட்டிலிருந்து ஒருவர் குழந்தையோடு உட்கார வேண்டும். மூத்தவளுக்குத் தபால் நிலையத்தில் வேலை. வீட்டிலேயே துணி தைக்கும் இளையவள்தான் போய்வந்தாள். கடைசியாக நடந்தது தண்ணீர் விளையாட்டு. நனைந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்று டீச்சரே போனில் சொல்லியிருந்தார்.

ஆனால் அந்தப் புதன்கிழமை மூத்தவள் சாப்பாட்டு இடைவேளையில் ஓடிப்போய் மையத்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருந்தாள். சிட்டு சித்தி மடியில் மல்லாந்து கிடந்து, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பைத் தன் மகளிடம் அவள் கண்டதே இல்லை. புதிதாக வந்திருந்த ஆயா, "அம்மாவும் பொண்ணும் ஒரே ஜாடை" என்றாள். இளையவள் சிரித்தாளே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. மூத்தவள் உள்ளே போகாமலே திரும்பி நடந்தாள்.

அடுத்த புதன் விடுப்புப் போட்டுத் தானே கூட்டிப்போனாள். சிட்டு அவள் மடியில் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"சித்தி வரலையாடா கண்ணு?" என்று டீச்சர் கேட்டார்.

"சித்தி தொட்டா காய்ச்சல் வரும். அம்மா சொன்னாங்க" என்றாள் சிட்டு, கணீரென்று.

வட்டமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மூத்தவள் குழந்தைக்குத் தலை ஒதுக்கிவிடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

அதற்கடுத்த புதன் காலையில் இளையவள் பை நிறைய வெட்டுத் துணிகளோடு கிளம்பினாள்.

"எங்க புறப்பட்டுட்ட?" என்றார் மாமியார்.

"சென்டருக்குத்தான் அத்தை. துணி பொம்மை செய்யச் சொல்லிக்கொடுக்க டீச்சர் கூப்பிட்டாங்க."

"அங்க நம்ம பிள்ளை இருக்கே!"

"அவளைத் தொட மாட்டேன். மத்தப் பிள்ளைங்களைப் பெத்தவங்க என்னை வேண்டாம்னு சொல்லல."

மூத்தவள் அன்றும் விடுப்புப் போட்டுச் சிட்டுவோடு மையத்துக்கு வந்திருந்தாள். பிள்ளைகள் இளையவள் மேல் மொய்த்தார்கள். ஒருவன் முதுகில் ஏறினான். இன்னொருத்தி மடியை விட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். சிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். அந்தப் பார்வை என்னவென்று மூத்தவளுக்குத் தெரியாதா? ஜன்னலோரம் தான் நின்று பார்த்த அதே பார்வை.

பொம்மைகளை இளையவள் ஒவ்வொரு குழந்தையின் கையிலும் கொடுத்துக்கொண்டே வந்தாள். சிட்டுவின் முறை வந்ததும் குனிந்து, பொம்மையைத் தரையில் வைத்தாள்.

"எனக்கு மட்டும் ஏன் கீழ வைக்கிற சித்தி?" சிட்டுவின் முகம் கோணியது.

"கையிலயே குடேன்" என்று முணுமுணுத்தாள் மூத்தவள். "எல்லாரும் பாக்கறாங்க."

"வீட்டுலயும் எல்லாரும் பாத்துட்டுத்தான் இருந்தாங்க, அக்கா" என்றாள் இளையவள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "அங்க, அத்தை முன்னாடி, நீங்க சொன்னது பொய்னு சொல்லுங்க. அப்புறம் கையில குடுக்கறேன்."

பக்கத்துக் குழந்தை இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் நகர்ந்து, அதன் உள்ளங்கையில் ஒரு பொம்மையை வைத்து, பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.