அந்தோனியார் படத்தின் பின்பக்கம்

என் அம்மா செபஸ்தியம்மாவுக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஆனால் காகிதம் என்றால் உயிர். முத்திரை குத்திய எந்தத் தாள் வீட்டுக்குள் வந்தாலும் அது சுவரில் தொங்கும் அந்தோனியார் படத்துக்குப் பின்னால் போய்விடும். பின்பலகையைக் கழற்றி, தாளை உள்ளே வைத்து, நாலு மூலையிலும் குட்டி ஆணி அடித்துவிடுவாள். எங்கள் லயத்து வரிசைவீட்டின் கூரை ஒழுகினாலும் அந்தோனியார் நனையமாட்டார் என்பது அவள் நம்பிக்கை.

1979 டிசம்பரில் எனக்குச் சாதாரண தரப் பரீட்சை. தெமோதரைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே வாத்தியார். என்னோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த இருபத்தேழு பேரில் ரயிலேறிப் பதுளைக்குப் படிக்கப் போனவள் நான் ஒருத்திதான். மற்றவர்களை மக்குகள் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கில் என்னைத் தலைகுனிய வைத்த எட்வர்ட் பதினாலு வயதில் புல்லு வெட்டப் போய்விட்டான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பதுளை வகுப்பில் என் பக்கத்தில் முஹ்ஸினா. கணக்குக்கு ஒரு டியூஷன், விஞ்ஞானத்துக்கு ஒரு டியூஷன். அவள் வாப்பாவின் புடவைக்கடை மாடியில் நின்றால் பள்ளி மணி கேட்கும். நானோ ரயில் பிந்திய நாளெல்லாம், பெரும்பாலும் ஆங்கிலமான முதல் பாடத்தைத் தவறவிடுகிறவள். அந்தப் பாடங்களை இரண்டு வருடமாக எனக்கென்று தனிக் கொப்பியில் எழுதித் தந்தவள் அவள்தான். அவள்மேல் எனக்குப் பொறாமை உண்டு. பிரியம் அதைவிட அதிகம்.

பரீட்சை அனுமதி அட்டை வந்த அன்றே அம்மாவிடம் கொடுத்தேன். "பத்தரமா வைக்கிறேன்" என்றாள். பரீட்சை அன்று விடிகாலை, "எல்லாம் பையில இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு, இருக்கு. நீ மொதல்ல ரொட்டியத் தின்னு."

அவள் நினைத்தது பென்சிலையும் மத்தியானச் சாப்பாட்டையும். நானும் பையைத் திறந்து பார்க்காத மகாபுத்திசாலி.

தெமோதரையில் ரயில் ஒரு வேடிக்கை செய்யும். ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே இருக்கும் சுரங்கத்தில் புகுந்து வெளியே வரும். அந்தச் சுற்றில்தான் நான் பையைத் திறந்தேன். அட்டை இல்லை. அது இல்லாமல் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லவும் வழியில்லை. அப்பா தேவதாசன் இறந்தபிறகு சம்பாதிப்பவள் அம்மா மட்டும்தான். பரீட்சை தவறினால் நானும் கொழுந்துக் கூடை தூக்க வேண்டியதுதான். அம்மாவை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அழுகையும் வந்தது.

அதே நேரம் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை ஸ்டேஷன் மாஸ்டர் சிவஞானம் பிறகு ஊருக்கெல்லாம் சொன்னார். வேலைக்குக் கிளம்புமுன் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றப் போனவள், படத்தின் ஓரத்தில் புது ஆணி மினுங்குவதைப் பார்த்ததும் உள்ளே வைத்த அட்டை நினைவுக்கு வந்திருக்கிறது. ஆணி பிடுங்க நேரமில்லை. கொழுந்துக் கூடையோடும் படத்தோடும் ஓடி வந்திருக்கிறாள்.

"ரயில் போயிட்டுதே" என்றாராம் அவர்.

"எங்கங்க போயிரும்? கீழதான வரணும்!"

மழையில் ஊறிய தேயிலைச் சரிவில் சறுக்கிக்கொண்டே இறங்கினாள். நிற்காமல் போகும் சரக்கு ரயிலுக்கு ஸ்டேஷனில் வழி அனுமதி வில்லை மாட்டிய பிரம்பு வளையத்தைத் தூக்கிப் பிடிப்பதும், எஞ்சின்காரர் ஓட்டத்திலேயே கையை விட்டு அதை வாங்குவதும் அவள் எத்தனையோ முறை பார்த்ததுதான். கூடையின் தலைக்கயிற்றை அவிழ்த்தாள். படத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மிச்சக் கயிற்றை ஒரு பெரிய வளையமாக முடிந்தாள்.

சுரங்கத்து இருட்டு விலகியதும் ஜன்னல் வழியே அவளைக் கண்டேன். தண்டவாளத்தோரம் சேறும் சகதியுமாக, அந்தோனியாரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கார்டு ஐயா, புடிங்க! எம் புள்ளைக்கு!"

கடைசிப் பெட்டியில் நின்ற ரயில் கார்டு அலவி குனிந்து கையை நீட்டினார். வளையம் அவர் முழங்கையில் விழுந்தது.

அடுத்த ஸ்டேஷனான உடுவரையில் ரயில் நின்றதும் அவர் படத்தோடு என்னிடம் வந்து, தன் பேனாக்கத்தியால் பின்பலகையை நெம்பிக் கொடுத்தார். அட்டை மேலாகவே இருந்தது. அதன் கீழே ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் வாங்கிய ரிப்போர்ட்டுகள். எல்லாவற்றுக்கும் அடியில் தோட்டத்து அலுவலகம் ஆங்கிலத்தில் டைப் அடித்து அனுப்பிய கடிதம் ஒன்று. முஹ்ஸினாவின் கொப்பிகள் புண்ணியத்தில் அந்த ஆங்கிலம் எனக்கே புரிந்தது. காலஞ்சென்ற தேவதாசனின் மகளுக்குப் பதினாறு வயது முடிந்துவிட்டதாம். வேலைக்குப் பெயர் பதிய உடனே அனுப்ப வேண்டுமாம். தவறினால் நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுக்க நேரிடுமாம். தேதி மார்ச் மாதம்.

கார்டு அலவியும் எட்டிப் பார்த்துப் படித்தார். "அது கெடக்கட்டும் மகள்" என்றார். "மொதல்ல பரீட்சைய எழுதுங்க."

பரீட்சை மண்டபத்தில் அந்தோனியாரை வாசலோரம் சாய்த்து வைக்கச் சொன்னார்கள். முஹ்ஸினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் எழுதினேன். நேரம் முடியும்வரை எழுதினேன்.

சாயந்திரம் ஸ்டேஷனில் அம்மா காத்திருந்தாள். முழங்காலில் துணிக்கட்டு.

"கண்ணாடி ஒடையலையே?" என்பதுதான் முதல் கேள்வி.

"ஒடையல. நல்லா எழுதிட்டேன். அம்மா... உள்ள ஒரு தோட்டத்துக் கடுதாசி இருந்துச்சு."

"இருக்கும்."

"மார்ச்சுல வந்தது."

"எனக்கென்னடி தெரியும்? கணக்கப்பிள்ளை கேக்குறப்பல்லாம் அதத்தான் சொல்றேன். 'எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளைங்க நானு. எந்தக் கடுதாசி எங்க போச்சுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்'னு."

ஒன்பது மாதம் இதையே சொல்லி ஒரு தோட்டத்து ஆபீசையே நிறுத்தி வைத்திருக்கிறாள். காம்பரா போய்விடுமோ என்ற பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு, எனக்குத் தினமும் ரொட்டி சுட்டிருக்கிறாள். காலையில் திட்டியதற்காக வெட்கப்பட்டேன். ஸ்டேஷன் என்றும் பாராமல் அவளைக் கட்டிக்கொண்டேன். "விடுடி, சேறு ஒட்டும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கடிதத்தை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். பின்பலகையைப் பொருத்தி நாலு ஆணியையும் நானே அடித்தேன். அட்டையை மட்டும் பையில் போட்டேன். மறுநாள் கணக்குப் பரீட்சை.