பட்டையைக் கழற்றிய பிறகும்

குமாசி நகரச் சந்தையில் துணி விற்கும் டுஃபியேவுக்கு வருடக்கணக்காக உடம்பெல்லாம் வலி. தோளில் தொடங்கி இடுப்புக்கு இறங்கி, இப்போது மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாலே பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். எல்லாம் சுத்தம், எந்தக் குறையும் இல்லை. அந்தச் ‘சுத்தம்’தான் வீட்டில் அவளுக்கு வினையாகப் போனது.

"வேலைன்னா மட்டும் வலி வந்துடும்," என்பாள் கணவனின் அக்கா போகுவா. "சாவு வீட்ல ஆடக் கூப்பிட்டுப் பாரு, பறந்துடும்!"

வலியை அளந்து பார்க்கும் டாக்டர் பெம்பா, டுஃபியேவை வரச் சொன்னாள். ஒப்பிட்டுப் பார்க்க, வலி இல்லாத ஒருவரையும் அழைத்துவரச் சொல்லியிருந்தாள். போகுவா தானே கிளம்பினாள். குட்டு உடைவதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

முதலில் போகுவாவின் கெண்டைக்காலில் காற்றுப் பட்டையைச் சுற்றி இறுக்கினார்கள். வலி ஏறினால் கையிலிருக்கும் பிடியை மேலே தள்ள வேண்டும், இறங்கினால் கீழே. அந்த ஏற்ற இறக்கம் எதிரே திரையில் கோடாக ஓடும். பட்டையைக் கழற்றியதும் போகுவா பிடியை அடிவரை இறக்கிவிட்டாள். "அவ்வளவுதானா?" என்று சிரித்தாள்.

அடுத்து டுஃபியேவின் முறை. இந்த மெஷினும் சுத்தம் என்றுவிட்டால்? அவளுக்குப் பாதி இறுக்கத்திலேயே கண்ணில் நீர் முட்டியது. பட்டை கழன்றது. அவள் விரல் இறங்கவில்லை. டாக்டர் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிடி அப்போதுதான் நகரத் தொடங்கியிருந்தது.

"அவ இஷ்டத்துக்குத் தள்றா டாக்டரம்மா," என்றாள் போகுவா.

"சரி, திரையைப் பார்க்காம இன்னும் சில தடவை செய்யட்டும். எப்போ இறுக்கம் கூடும், குறையும்னு சொல்ல மாட்டேன்."

முடிந்ததும் டாக்டர் திரையைத் திருப்பினாள். ஒரே அளவு இறுக்கியபோதெல்லாம் டுஃபியே வரைந்த கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, மலைச்சரிவு போல மெல்ல மெல்ல இறங்கின. பக்கத்தில் போகுவாவின் கோடு செங்குத்தாக விழுந்து கிடந்தது.

"பார்க்காம இப்படி மறுபடி மறுபடி பொய் சொல்ல முடியாதும்மா," என்றாள் டாக்டர் தாழ்ந்த குரலில். "நாம பட்டையை விட்டுட்டோம். இவங்க நரம்பு வலியை விடல. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியுது."

டுஃபியே திரையருகே போனாள். தனக்குள்ளேயே கிடந்து, யாருக்கும் காட்ட முடியாமல் போன ஒன்று வெளிச்சமாய் எதிரே நின்றது. விரலால் அந்தச் சரிவைத் தொட்டுப் பார்த்தாள்.

"எய்..." என்றாள் போகுவா. கழுத்தை நீட்டி இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நோயின் பெயரை டாக்டர் சொன்னாள். மாத்திரையும் நடைப்பயிற்சியும் தந்தாள். குறையும், ஆனால் முழுக்கப் போகும் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

திரும்பும்போது ட்ரோட்ரோ என்ற ஷேர் வேனில் போகுவா கேட்டாள். "வலி இப்பவும் இருக்கா?"

"இருக்குக்கா."

இதுவரை போகுவா இப்படிக் கேட்டதில்லை. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கித் தூக்கிப்போட்டது. போகுவா முன்னால் சாய்ந்து கத்தினாள்: "யோவ், மெதுவா ஓட்டு! உள்ள மனுஷங்க இருக்கோம்!"