அம்மா நடத்திய விசா நேர்காணல்

மகளுக்கு விசா மறுத்துவிட்டார்கள் என்பதைவிட, ஏன் மறுத்தார்கள் என்று சொல்லாமல் விட்டதுதான் அந்த வீட்டைப் பாடாய்ப் படுத்தியது. கையில் கொடுத்த தாளில் பொதுவாக ஏதோ ஒரு வரி. எல்லோருக்கும் அதே வரிதானாம். காரணம் தெரியாத வீட்டில் ஆளுக்கொரு காரணம் முளைக்காமல் இருக்குமா? பல் செட் செய்து பிழைக்கும் அப்பா, "நீ உம்முன்னு நின்னிருப்பே. பல்லைக் காட்டினாத்தானே நம்பிக்கை வரும்?" என்றார். மாடி வீட்டு அக்கா சுடிதாரின் நிறத்தின் மேல் பழியைப் போட்டாள். நேர்காணலுக்குப் பயிற்சி கொடுத்த மையத்துக்காரரோ, தன்னம்பிக்கை போதவில்லை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு அடுத்த கூட்டத்தைத் தயார் செய்யப் போய்விட்டார்.

அம்மா மட்டும் காரணம் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு அது உண்மையாகவே தெரிந்தாக வேண்டும். வெளியூர் பஸ்களுக்கு முன்பதிவு செய்யும் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் அவள். எதிரில் நிற்கிற ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். அப்படியிருக்க, தன் மகளை வேறொரு கண்ணாடிக்குப் பின்னால் இருந்த யாரோ பார்த்து, தனக்குத் தெரியாத எதையோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதை எப்படித் தாங்குவாள்?

மறுபடி விண்ணப்பித்து இரண்டாவது நேர்காணலுக்குத் தேதியும் வந்தபோது மகளே கேட்டாள். "அம்மா, நீயே ஆபீசரா உட்காரேன். உனக்குத்தான் அந்த மூஞ்சி."

"எந்த மூஞ்சிடி?"

"சீட் இல்லைன்னு சொல்ற மூஞ்சி."

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டு நீட்டுவதற்காகச் சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. அம்மா அடுப்புப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மகள் கூடத்தில் நின்றாள். அப்பா பின்னால் வரிசையில் நிற்கும் பொதுமக்களாக நடித்தார். நன்றாகவே நடித்தார், கொட்டாவி உட்பட.

"எதுக்காக இந்தப் பல்கலைக்..."

"இந்தப் பல்கலைக்கழகம் என் துறையில் முன்னணியில் உள்ளது," என்று மகள் மடமடவென்று ஒப்பித்தாள்.

"படிப்பு முடிஞ்சதும்..."

"கட்டாயம் தாய்நாடு திரும்புவேன். என் குடும்பம், என் எதிர்காலம் எல்லாம் இங்கேதான்."

"கிடையாது. அடுத்து!" என்றாள் அம்மா.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஏம்மா கிடையாது? எல்லாம் சரியாத்தானே சொன்னேன்?"

ஏன் என்று அம்மாவுக்கும் அப்போது தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டுவிட்டது. சமாளிப்பதற்காக, பட்டியலில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள். இத்தனை நாளாகக் கேட்க வெட்கப்பட்டு விழுங்கிக்கொண்டிருந்த கேள்வி அது.

"அது சரி, நீ என்னதான் படிக்கப் போறே?"

மகள் பேச வாயெடுத்து, மூடி, யோசித்தாள். பிறகு நேராகச் சமையலறைக்குள் வந்தாள். அப்பாவின் கருவிப் பெட்டியிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அதன் நுனியைத் தொட்டிக்கு மேலே போகும் குழாயில் ஊன்றினாள். "பிடியில காதை வைம்மா."

அம்மா வைத்தாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஸ்ஸ்ஸென்று ஒரு சத்தம், விடாமல்.

"குழாயெல்லாம் மூடித்தானே இருக்கு? சுவத்துக்குள்ள மழை பெய்யுதேடி!"

"அதான் கசிவு. எங்கயோ ஒழுகுது. ஊர் முழுக்க ரோட்டுக்கு அடியில இப்படி ஒழுகிட்டே இருக்கும்மா. தோண்டிப் பார்க்காம, சத்தத்தை வெச்சே இடத்தைக் கண்டுபிடிக்கலாம். மண்ணு மாறினா சத்தமும் மாறும். எப்படி மாறுது... அது இன்னும் எனக்கே சரியாப் புரியல. அதுக்குத்தான் போகணும்."

அம்மாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. இரும்புக் குழாய்க்கு ஒரு சத்தம், பிளாஸ்டிக்குக்கு வேறு சத்தமா? மேலே லாரி போனால் என்ன செய்வார்கள்? மகள் நிறுத்தி நிறுத்தி, கையை ஆட்டி, சொன்னதைத் தானே மறுத்து, திருத்திச் சொன்னாள். அப்பாவும் வரிசையை விட்டுவிட்டு உள்ளே வந்து குழாயில் காதை வைத்தார். மூன்று பேருமாகச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றதில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது.

பாலைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவுக்குச் சுருக்கென்றது. அரை டிக்கெட் கேட்டு வருகிறவர்களில், பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்கிறவர்கள் அவள் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். வயதை மறைக்காதவர்கள் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள், விரல் மடக்குவார்கள், அப்புறம்தான் வாயைத் திறப்பார்கள். தன் மகள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடி முன்னால் பொய் சொல்கிறவளைப் போலவே பேசியிருக்கிறாள்.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் கூப்பிடப் போனவள், கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். சொன்னால் விசா கிடைத்துவிடும். கிடைத்தால் போய்விடுவாள். சொல்லாவிட்டால்? எதுவும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், பெண் வீட்டோடு இருப்பாள். இவ்வளவு சுலபமான காரியத்தை அவள் வாழ்க்கையில் யாரும் அவள் முன்னால் வைத்ததில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் முழுக்கக் கவுண்டரில் மீதிச் சில்லறை கொடுக்க மறந்து ஏச்சு வாங்கினாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மகளை உட்காரவைத்தாள்.

"ஏன் மறுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். கேள்வி முடியறதுக்குள்ள பதில் சொல்றே. யாரோ எழுதிக் கொடுத்ததைச் சொல்றே. நேத்துக் குழாய்கிட்ட நின்னு பேசினே பாரு, அப்படிப் பேசு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு."

மகள் கண் விரித்தாள். "இப்பவா கண்டுபிடிச்சே?"

"நேத்தே."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ போயிடுவியேடி," என்றாள் அம்மா. "சொல்லாம இருந்துடலாம்னு நெனச்சேன். இங்கயே இருப்பே, ஆனா ஏன் ஏன்னு தினமும் மண்டையை உடைச்சுப்பே. பதிலை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு நான் எப்படி உனக்குச் சாப்பாடு போடுவேன்?"

மகள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து செருப்பு வாரை அவிழ்த்துவிட்டாள்.

நேர்காணல் நாளில் துணைக்கு வந்தவர்களை உள்ளே விடவில்லை. எதிர்ச் சாரி நடைபாதையில் ஒரு கூட்டமே நின்றது. அங்கே எல்லோருக்கும் ஒரு கணக்குத் தெரிந்திருந்தது. பாஸ்போர்ட்டோடு வெளியே வந்தால் மறுத்துவிட்டார்கள். வெறுங்கையோடு வந்தால் விசா ஒட்டுவதற்காக வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள்.

மகள் வெளியே வந்தாள். "கை காலி!" என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் சொந்தப் பெண்ணுக்கே கிடைத்ததைப் போலக் கத்தினார். அம்மா கை தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள், நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்று.

"என்ன கேட்டாங்க? ஒண்ணு விடாம சொல்லு."

"என்ன படிக்கப் போறேன்னு கேட்டாங்க. லாரி போனா என்ன செய்வீங்கன்னுகூடக் கேட்டாங்கம்மா, உன்னை மாதிரியே. அப்புறம், வீட்டுல என்ன சொல்றாங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"அம்மாவுக்கு நான் போறது பிடிக்கல, ஆனா அம்மாதான் அனுப்பறாங்கன்னு சொன்னேன்."

"அறிவிருக்கா உனக்கு? வீட்டு விஷயத்தையெல்லாமா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சொல்லுவே?" என்று அம்மா சீறினாள். சீறிக்கொண்டே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர்கள் போக வேண்டிய பஸ் வந்து நின்றது. "அடுத்ததுல போலாம்," என்றாள். அடுத்த பஸ்ஸும் வந்தது. அதற்கும் அவள் எழுந்திருக்கவில்லை.