வலது கீழ் மூலை

ரோவெனா கண்ணை மூடியபோது அவளுடைய ஓவியப் பலகையில் ஒரு படம் முக்கால்வாசி முடிந்து நின்றது. விடிகாலை வானம், அசையாத தண்ணீர், அதற்குள் நீண்டு போகும் மர ஜெட்டி, படகு கட்டுகிற மேடை. வலது கீழ் மூலையில் மட்டும் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றுமில்லாத தாள். அந்த மூலையை முடிக்கிற வேலை தங்கை லிண்டல் தலையில் விழுந்தது.

லிண்டல் போர்ட் ஹாலிஸ் என்ற கடற்கரைச் சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபத்தொரு வயதுவரை ஒரு பூனைகூட வரைந்ததில்லை. அக்காவின் பாஸ்டல் வண்ணக் கட்டிகளைத் தொட்டாலே அக்கா கையைத் தட்டிவிடுவாள். ஊர்க் கண்காட்சியில் எட்டு முறை முதல் பரிசான நீல ரிப்பனை வாங்கியவள் தட்டிவிட்டால் யார் கேட்பது?

ரோவெனாவின் கணவன் க்ளைவ்தான் ஒற்றைக் காலில் நின்றான். கண்காட்சிக் கமிட்டி இந்தப் படத்தை மண்டபத்தின் முன்சுவரில் மாட்டச் சம்மதித்துவிட்டது. ஆனால் படம் முடிந்திருக்க வேண்டும், கண்ணாடிச் சட்டம் போட்டு வியாழன் மதியத்துக்குள் வர வேண்டும்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே கை, லிண்ட். விரலப் பாரு, அச்சு அசல் அவளேதான்" என்றான்.

விரல் ஒன்றாக இருந்தால் வித்தையும் வந்துவிடும் என்பது முப்பது வருடம் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவனின் கணக்கு. லிண்டல் தலையாட்டிவிட்டாள். கெடுத்துவிட்டால் அக்கா கையால் செய்த கடைசி வேலை அதோடு போச்சு என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி மூன்று மணிக்குத்தான் பேருந்தை எடுக்க வேண்டும். இடைப்பட்ட நேரம் முழுக்க வீடியோ பார்த்தாள். இங்கிலாந்துத் தாடிக்காரர் ஒருவர், பாஸ்டலை விரலால் தேய்க்கிறவனுக்கு ஓவியம் எதற்கு என்று கேட்டார். அடுத்த வீடியோவில் ஓர் அம்மாள் விரல் என்ன, உள்ளங்கையையே போட்டு மாவு பிசைவதுபோல் தேய்த்தாள். ஒருவர் பொடி உதிராமலிருக்க ஸ்பிரே அடி என்றார். இன்னொருத்தி, அடித்தால் நிறம் செத்துவிடும் என்று கண்ணில் நீர் வராத குறையாகச் சொன்னாள். இருட்டு நிறத்தை முதலில் போடு. இல்லை, வெளிச்சத்தை முதலில் போடு. தூசியை ஊது. ஐயோ ஊதாதே, நுரையீரல் போய்விடும், பலகையைத் தட்டு. தாளுக்குப் பல் இருக்கிறதாம், அந்தப் பல் நிரம்பிவிட்டால் மேலே எதுவும் பிடிக்காதாம். லிண்டல் ஒரு வெற்றுத் தாளைச் சன்னலோரம் பிடித்து விரலால் தடவிப் பார்த்தாள். சொரசொரப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அத்தனை பேரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள். எல்லோரும் "ரொம்ப சுலபம்" என்று தொடங்கினார்கள். அதைக் கேட்டாலே லிண்டலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினோரு தாள்களில் பழகிப் பார்த்தாள். ஊதாவும் ஆரஞ்சும் தனித்தனியாக இருக்கும்வரை அழகு. ஒன்றன்மேல் ஒன்று போட்டதும் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறம். ஏன் அப்படி ஆகிறது என்று ஒருவரும் அவளுக்குப் புரிகிறமாதிரி சொல்லவில்லை.

இது போதாதென்று ஊரும் சேர்ந்துகொண்டது. போர்ட் ஹாலிஸ்காரர்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஜெட்டிதான் உண்டு. நடக்கத் தொடங்குமுன்பே அதன்மேல் தவழ்ந்து, கணவாய் மீன் பிடிக்கப் பழகியவர்கள். படத்தைப் பார்த்த கணமே அது நம் ஜெட்டி என்று முடிவுகட்டிவிட்டார்கள். படத்தில் சாய்ந்து நிற்கும் கம்பம் எந்த வருடம் யார் படகு இடித்துச் சாய்ந்தது என்பது வரைக்கும் சொன்னார்கள். மூலையில் மீன் வெட்டும் மேசை வரவேண்டும் என்றாள் பேக்கரிக்காரி. நண்டு வலை என்றார் தபால்காரர். கூழைக்கடா இல்லாமல் அது என்ன ஜெட்டி என்று கேட்டான் க்ளைவ். மேசை இருப்பது இடது பக்கமாயிற்றே, கம்பம் உண்மையில் கரைப்பக்கம் அல்லவா சாய்ந்திருக்கிறது என்று லிண்டல் சொல்லிப் பார்த்தாள். ஓவியக்காரி என்றால் கொஞ்சம் மாற்றித்தான் போடுவாள், உனக்கு அதெல்லாம் தெரியாது என்று வாயை அடைத்துவிட்டார்கள்.

புதன்கிழமை காலை, தண்ணீரில் கம்பத்தின் நிழல் எப்படிப் போடுவது என்று தேடியபோது ஒரு வீடியோ வந்தது. கனடாவில் ஏதோ ஏரிக்கரை. நரைத்த சடை போட்ட ஒருத்தி வானத்தில் ஆரஞ்சை இழுத்தாள், கீழே ஊதாவை வைத்தாள். லிண்டல் டீயைக் கீழே வைத்தாள். ஜெட்டி வந்தது. சாய்ந்த கம்பம் வந்தது, அதன் உச்சியில் பறவைக்கான மரப்பெட்டி ஒன்று. அக்கா அந்தப் பெட்டியை மட்டும் விட்டிருந்தாள். மற்றபடி மேகத்தின் வால்வரைக்கும் அதே படம். வலது கீழ் மூலையில் அந்தப் பெண்மணி சிவப்பாக ஒரு சிறு துடுப்புப் படகைக் கட்டிப்போட்டுச் சிரித்தாள்.

லிண்டலுக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஊரே சேர்ந்து கனடா ஏரியில் நண்டு வலை போட்டிருக்கிறது. பிறகு கோபம் வந்தது. என் கையைத் தட்டிவிட்டவள் நீயும் பார்த்துத்தான் போட்டாயா? அப்படியானால் அந்த எட்டு ரிப்பன்கள்? அவையும் இப்படித்தானா, இல்லை இது ஒன்று மட்டுமா? கேட்க ஆளில்லை. யாரைப் பற்றி இத்தனை நாள் பெருமைப்பட்டோம் என்றே அவளுக்குக் குழம்பிவிட்டது.

கமெண்டுகளைத் தள்ளிக்கொண்டே போனாள். நூற்றுக்கணக்கான பாராட்டுகளுக்குக் கீழே, மே மாதத் தேதியில் அக்காவின் பெயர் இருந்தது. பதில் ஒன்றுகூட இல்லை. படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். போனை எடுத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்கு நடந்தாள்.

க்ளைவ் கொட்டகையில் கணவாய்த் தூண்டில்களின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தான். வீடியோவைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, லிண்டல் போனை அவன் கையில் கொடுத்தாள். அவன் கண்ணாடியைத் தேடி எடுத்து, எழுத்துக்கூட்டுவதுபோல் வாய்விட்டுப் படித்தான்.

"மூணு தடவ போட்டுட்டேன். வலது கீழ் மூல மட்டும் ஒவ்வொரு தடவையும் அழுக்காத்தான் போகுது, ஏன்? அழிச்சு அழிச்சுத் தாளே தேஞ்சுபோச்சு. எனக்கு இது வராதோன்னு இருக்கு. இங்க எல்லாரும் எனக்கு எல்லாம் தெரியும்னு நெனைக்கிறாங்க, அதனால யாரையும் கேக்க முடியல."

இருவரும் உள்ளே போய்ப் படத்தைப் பார்த்தார்கள். வெறும் தாள் என்று ஊரே நினைத்த இடத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்ததும், தேய்த்துத் தேய்த்து அழித்த மங்கலான கறை தெரிந்தது. ஓரிடத்தில் சொரசொரப்பே போய் வழவழப்பாகியிருந்தது. அதன்மேல் யார் என்ன போட்டாலும் ஒட்டாது. லிண்டல் தன் விரலை அங்கே வைத்தாள். அழுகை வந்தது, அவள் அடக்கவில்லை.

"நான் அடுத்த ரூம்லதான் இருந்தேன், டிவில ஃபுட்டி மேட்ச் பாத்துக்கிட்டு" என்றான் க்ளைவ். "டீ வேணுமான்னு கேட்டேன். வேல எப்படிப் போகுதுன்னு கேக்கல. அவளுக்குத் தெரியாததா, நமக்கு என்ன தெரியும்னு இருந்துட்டேன்."

பிறகு படத்தின் கம்பத்தை விரலால் காட்டி, "அப்போ இது நம்ம ஜெட்டி இல்லையா?" என்றான்.

"இல்ல, க்ளைவ்."

அவன் தலையாட்டினான். மூலையில் யாரும் எதுவும் போட வேண்டாம், இப்படியே சட்டம் போட்டு எடுத்துப் போகலாம் என்றான். கமிட்டி மாட்டினால் மாட்டட்டும், இல்லாவிட்டால் தன் சமையலறையில் மாட்டிக்கொள்வதாகச் சொன்னான். ஊர் கேட்டால் மூன்று தடவை முயன்று பார்த்தாள் என்று சொல்வானாம். பிறகு போனை அவள் பக்கம் நீட்டினான்.

"அவ கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லலியே. நீ எழுது. நீதான் இத்தன பாத்திருக்கியே."

லிண்டல் உட்கார்ந்தாள். நாற்பது வீடியோவுக்கு மேல் பார்த்திருக்கிறாள். அந்த மூலை ஏன் அழுக்காகப் போகிறது என்று இன்னமும் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வரி எழுதி அழித்தாள், இன்னொன்று எழுதி அழித்தாள். கடைசியில் அக்காவின் கேள்விக்குக் கீழே இப்படி எழுதி அனுப்பினாள்:

"எனக்கும் அப்படித்தான் போகுது, ரோ. ஏன்னு எனக்கும் தெரியல. நாலு தெரு தள்ளித்தானே இருந்தேன், என்னக் கேட்டிருக்கலாமே. தெரியாதுன்னு சொல்லியிருப்பேன்."