குதிருக்குள் சூடு

மழைக்கு இன்னும் அறுபத்தொரு மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு வானிலை அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. புதன்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொடங்கும், அதன்பின் நான்கு நாள் விடாது. அதைப் பலகையில் எழுதிச் சங்கத்தின் வாசலில் சாத்தி வைத்தேன்.

விவசாயிகள் சங்கத்தின் களத்தில் எனக்கு மூன்று வேலைகள். கொண்டுவரும் தானியத்தின் ஈரத்தை அளந்து சொல்ல வேண்டும். தானியத்தைக் காய வைக்கும் டிரையருக்கு யார் முதலில், யார் பிறகு என்று வரிசை எழுத வேண்டும். திங்கட்கிழமைதோறும் எல்லா விவசாயிகளுக்கும் போன் செய்து, அறுவடை எவ்வளவு, மேய்ச்சல் எப்படி, மாடுகள் எப்படி என்று கேட்டு மேலே அனுப்ப வேண்டும். போனில் பேசுவது எனக்குச் சிரமம். கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படிப்பேன். அன்று முதல் ஆளிடம் அறுவடை எவ்வளவு என்று கேட்டேன்.

“பாதி முடிஞ்சிருக்கும்னு வெச்சுக்கம்மா.”

“எத்தனை ஏக்கருங்க?”

“மெஷின்காரன் நாளைக்கு வந்தான்னா முழுசும் முடிஞ்ச மாதிரி. வரலேன்னா ஒண்ணுமே முடியாத மாதிரி. நடுவுல பாதின்னு போடு.”

அடுத்தவர் முப்பது மாடுகள் வைத்திருப்பவர்.

“மேய்ச்சல் எப்படிங்க இருக்கு?”

“காலண்டர்ல நல்ல பச்சையா ஒரு படம் இருக்கு. அதைத்தான் மாடுங்களுக்குக் காட்டிக்கிட்டிருக்கேன்.”

“மோசம்னு எழுதிக்கறேன்.”

“மாடுங்க சுமார்னு எழுது. மோசம்னு எழுதாத. பக்கத்துலதான் நிக்குதுங்க, காதுல விழுந்தா கோச்சுக்கும்.”

ஒன்பது மணிக்குக் கூட்டிப் பார்த்தேன். மக்காச்சோளம் எழுபத்தொரு சதவீதம் அறுவடை. சோயா முடிந்தது. மேய்ச்சல் மோசம். படிவத்தின் கடைசி வரியில், சேமிப்பில் உள்ள தானியத்தின் நிலை என்று இருக்கும். இரண்டு வாரமாக அதில் ‘நன்று’ என்று எழுதியிருந்தேன். இந்த வாரம் அந்த வரிக்கு வந்தபோது பெரியப்பாவின் போன் வந்தது.

“பாப்பா, குதிர்கிட்ட ஒரு மாதிரி புளிச்ச வாடை அடிக்குது. வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போயேன்.”

“வரேன் பெரியப்பா,” என்றேன். கடைசி வரியை எழுதாமல் படிவத்தை மூடினேன்.

பெரியப்பாவுக்கு முப்பது ஏக்கர் மக்காச்சோளம், பதினெட்டு மாடுகள். இருபது ஏக்கரில் அறுத்த சோளம் வீட்டின் பின்னால் இருக்கும் தகரக் குதிரில் இருந்தது. மீதிப் பத்து ஏக்கர் வயலில் நின்றது. புல் இல்லாத இந்த வருடத்தில், அடுத்த ஐந்து மாதத்துக்கு மாடுகளின் தீனி அந்தக் குதிர்தான்.

அந்தக் குதிருக்குள் என்ன இருக்கிறது என்று பெரியப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பத்தொன்பது நாட்களுக்கு முன்பு அவர் ஒரு தகர டப்பாவில் சோளம் கொண்டுவந்தார். வாசலில் பதினொரு பேர் நின்றார்கள். ஈரம் பார்க்கும் மெஷினில் ஒவ்வொரு தானியத்துக்கும் ஒரு எண் உண்டு. சோயாவுக்கு நான்கு, மக்காச்சோளத்துக்கு ஏழு. எண்ணை மாற்றிவிட்டுத்தான் தானியத்தைப் போட வேண்டும். பெரியப்பாவின் சோளத்துக்குப் பதின்மூன்று புள்ளி ஆறு காட்டியது. பதினான்குக்குக் கீழே என்றால் டிரையர் தேவையில்லை, நேராகக் குதிரில் கொட்டலாம். சொன்னேன். அவர் வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, “என் தம்பி பொண்ணு, சயின்ஸ் படிச்சது. அது சொன்னா மெஷின் சொன்ன மாதிரி,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் சோயாக்காரர். எண்ணை மாற்றப் போனேன். அது ஏற்கனவே நான்கில் இருந்தது.

அப்போதே போன் செய்திருக்கலாம். பத்துப் பேர் நின்றார்கள். மாலையில் இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். மாலையில் அந்த டப்பாவில் மிச்சம் இருந்ததை ஏழில் வைத்துப் பார்த்தேன். பதினேழு புள்ளி இரண்டு. மூன்று முறை பார்த்தேன். அதற்குள் பன்னிரண்டு டிரெய்லர் சோளமும் குதிருக்குள் போயிருந்தது.

மறுநாள் குளிர்ந்தது. குளிரில் ஈரச் சோளம் கொஞ்ச நாள் தாங்கும். எத்தனை டிகிரியில் எத்தனை நாள் என்று ஒரு அட்டவணை போட்டேன். தினமும் காலையில் வெப்பநிலையைப் பார்த்து ஒரு நாளைக் கழித்தேன். போன வாரம் காற்று திரும்பியது. வெக்கை வந்தது. அதற்குப் பிறகு அட்டவணையைத் திறக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. குதிரின் ஏணியில் தகர மாமா நின்றிருந்தார். பெரியம்மாவின் தம்பி. தகர வேலை அவர் தொழில். இந்தக் குதிரைச் செய்து நிறுத்தியதும் அவர்தான். மேலே பெரியப்பா மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா, வந்தியா? மேல அரை அடிக்குக் கட்டி கட்டியா இருக்கு. பூஞ்சை புடிச்சிருக்கு,” என்றார் பெரியப்பா. “எல்லாம் உங்க மாமாவோட கைவேலை. கூரை ஒழுகியிருக்கு.”

“ஒழுகல மச்சான்,” என்றார் மாமா.

“நான் கேட்டேனா? வந்ததுலேர்ந்து நீயேதான் ஓட்டை இல்ல, ஓட்டை இல்லங்கற. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு சொன்ன கதையா இருக்கு.”

“இல்லாத ஓட்டைய எங்கேர்ந்து கொண்டு வர்றது? வேணும்னா சொல்லுங்க, ஒண்ணு போட்டுத் தரேன்.”

கீழே நின்ற பெரியம்மா சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. சிரிப்பு பெரியம்மாவின் முகத்திலேயே நின்றுபோனது.

மேலே கட்டி பிடிப்பது ஒழுகலால் மட்டும் வருவதில்லை. சோளம் உள்ளே சூடானால் ஈரம் ஆவியாகி மேலே ஏறும். இரவில் தகரம் குளிரும்போது ஆவி நீராகி மேல்மட்டத்தில் சொட்டும். பார்க்கிறவர்களுக்கு அது கூரை ஒழுகியது போலத்தான் தெரியும். அடியில் என்ன நடக்கிறது என்று தெரிய, அடியில் பார்க்க வேண்டும்.

அவர்கள் மேலே பேசிக்கொண்டிருந்தபோது நான் குதிரைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். கீழே இருந்த சிறிய கதவின் ஓட்டை வழியாக இரும்புக் கம்பியைச் செருகினேன். பத்து நிமிடம் கழித்து உருவினேன். கையால் பிடிக்க முடியவில்லை. கம்பியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டேன்.

மாமா கூரைமேல் ஏறித் தண்ணீர்க் குழாயைப் பிடித்தார். பெரியப்பா டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். கால் மணி நேரம் தண்ணீர் ஓடியது.

“ஒரு சொட்டு?” என்றார் மாமா.

“இப்ப விழலேன்னா அப்ப விழலேன்னு ஆயிடுமா? பதினோரு நாள் முன்ன காத்தோட ஒரு மழை பெஞ்சுதே. சாரல் பக்கவாட்டுல வந்திருக்கும்.”

“நாலு மில்லி மழை, மச்சான். அது சங்கத்துல பாப்பாவே அளந்தது. நாலு மில்லியில அரை அடி நனையுமா? கேளுங்க அதை.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

“அதைக் கேட்டா? வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்,” என்றார் பெரியப்பா, அன்பாகத்தான். ஏணியில் இறங்கி வந்தார். “சரி. இப்ப ஆக வேண்டியதப் பாப்போம். மேல் கட்டிய வழிச்சு வெளிய போட்டுடலாம். கூரைக்குத் தாரப் பூசிடலாம். அடியில இருக்கறது நல்ல சோளம். நாளைக்கு மெஷின் வருது. நிக்கிற பத்து ஏக்கரையும் அறுத்து இது மேலயே கொட்டி மூடிட்டா, மழை எத்தனை நாள் வேணா பெய்யட்டும்.”

பெரியம்மா ஒரு வாளியோடு நின்றார். “மாட்டுக்கு அடியில இருக்கறதத் திறந்து விட்டுக்கலாமில்ல?”

“தாராளமா.”

கணக்கு என் தலையில் தானாக ஓடியது. மழைக்கு ஐம்பத்தைந்து மணி நேரம். குதிரை முழுவதும் காலி செய்ய எட்டு மணி நேரம். டிரையரில் காய முப்பது. செய்ய முடியும். ஆனால் டிரையர் காலியாக இருக்க வேண்டும், டிரெய்லர்கள் இதற்கே போய்விடும் என்பதால் அறுக்கும் மெஷினை நாளைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும், பத்து ஏக்கரை மழைக்கு விட வேண்டும். செய்யாவிட்டால் இருபது ஏக்கரும் உள்ளே கருகும். அதற்கு முன்பு அந்த வாளி மாடுகளுக்குப் போகும். பூஞ்சைச் சோளம் முதலில் சினைமாடுகளைத்தான் தாக்கும். தொழுவத்தில் சினைமாடு ஐந்து.

“தார நான் பூச மாட்டேன்,” என்றார் மாமா.

“ஏன்?”

“பூசினா ஓட்டை இருந்துச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நாளைக்கு எவன் என்கிட்ட குதிர் செய்யச் சொல்லுவான்?”

“அப்ப உனக்கு உன் பேருதான் பெருசு. என் பதினெட்டு உருப்படி எப்படிப் போனா என்ன.”

“அப்படிச் சொல்லாதீங்க மச்சான்.”

“உன்கிட்ட செஞ்சதே தப்பு. வெளியாள்கிட்ட செஞ்சிருந்தா சட்டையப் புடிச்சுக் கேட்டிருப்பேன். பொண்டாட்டி தம்பிங்கறதால வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறேன்.”

“எங்க பொத்தினீங்க?” என்றார் பெரியம்மா.

“நீ நடுவுல வராத.”

“நான் நடுவுலதான் இருக்கேன். முப்பது வருஷமா.”

தொழுவத்தில் ஒரு மாடு கழுத்தை ஆட்டியது. மாமா ஏணியிலிருந்து இறங்கினார். சுத்தியலையும் கத்தரியையும் துடைத்து ஒவ்வொன்றாகப் பையில் வைத்தார். அவர் கை மெதுவாகத்தான் வேலை செய்தது. யாராவது ஏதாவது சொல்வார்களா என்று காத்திருப்பது போல இருந்தது.

“போறதுன்னா போ, மாப்ளே,” என்றார் பெரியப்பா. “ஆனா தாரப் பூசாமப் போனா, இனி இந்த வாசல மிதிக்காத.”

பெரியம்மா வாளியைக் கீழே வைத்தார். “என்னங்க பேசறீங்க?”

மாமா பையைத் தோளில் மாட்டினார். “அக்கா, நான் வரேன்,” என்றார். பெரியப்பாவைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் வந்ததும் நின்றார். “பாப்பா, நீ படிச்ச பொண்ணு. ஓட்டை இருந்தா சொல்லிடு. நானே வந்து அடைக்கிறேன்,” என்றார்.

என் போன் அடித்தது. டிரையர் ஓட்டும் அண்ணன். எடுத்தேன். அவருக்கு எதையும் கத்தித்தான் சொல்லத் தெரியும். டிரையர் பக்கத்தில் பன்னிரண்டு வருடம் நின்ற பழக்கம்.

“பாப்பா! ரெண்டு மணி ஆளு வரல! வண்டி அச்சு முறிஞ்சு நடுரோட்டுல நிக்குதாம்! ரெண்டு மணிலேர்ந்து காலி. அடுத்த ஆள் யாரு? சட்டுனு சொல்லு, அடுப்ப அணைக்கவா வேண்டாமா?”

வரிசைத் தாள் சட்டைப் பையில் இருந்தது. அடுத்து இரண்டு பேர், இரண்டும் சிறிய லோடு, நாளை இரவுக்குக் கேட்டவர்கள். பெரியப்பாவுடையதை முடித்தே அவர்களுக்குக் கொடுக்கலாம். இதைத் தாளை எடுக்காமலே பார்த்தேன். அண்ணன் மறுபடியும் கத்தினார். இந்த இடைவெளி போனால் புதன்கிழமை காலைதான் அடுத்தது.

“அணைக்காதீங்கண்ணா,” என்றேன்.

“யாரு சோளம்? எவ்வளவு ஈரம்?”

யார் கேட்டாலும் அவர் இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுவார். ஈரம் தெரியாமல் அடுப்பை எவ்வளவு எரிப்பது என்று அவரால் முடிவு செய்ய முடியாது. மாமா இரண்டடி தள்ளி நின்றார். பெரியம்மா மறுபடியும் வாளியை எடுத்துக்கொண்டு கீழ்க்கதவுப் பக்கம் நடந்தார்.

“பெரியப்பா சோளம்,” என்றேன். “பன்னெண்டு டிரெய்லர். பதினேழு.”

“கேக்கல! எவ்வளவு?”

“பதினேழு,” என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் கத்தி யாரும் கேட்டதில்லை. பெரியம்மா திரும்பினார்.

“பதினேழா? சரி. ரெண்டு மணிக்கு மொத வண்டி இங்க நிக்கணும்,” என்று சொல்லிவிட்டு அண்ணன் போனை வைத்தார்.

பெரியப்பா என்னிடம் வந்தார். கோபமாக இல்லை. எனக்கு ஏதோ கணக்குத் தவறிவிட்டது, திருத்திவிடலாம் என்ற முகம்.

“பதிமூணுதானே பாப்பா? நீதானே பாத்துச் சொன்ன? பதிமூணு புள்ளி ஆறு. நான் எழுதி வெச்சிருக்கேன்.”

“ஆமா பெரியப்பா.”

“அப்புறம் பதினேழுங்கற?”

பெரியம்மாவின் கை கீழ்க்கதவின் கொண்டியில் இருந்தது.

“பெரியம்மா, அதைத் திறக்காதீங்க. மாட்டுக்குப் போடக் கூடாது.” நிறுத்தினால் பேச்சு மறுபடியும் வராது என்று தெரியும். “கூரையில ஓட்டை இல்ல, பெரியப்பா. மாமா மேல தப்பில்ல. மெஷின்ல சோயா எண் இருந்துச்சு. உங்க சோளத்தப் போடும்போது நான் மாத்தல. பதிமூணுன்னு வந்தது தப்பு. மேல மட்டும் இல்ல, அடி வரைக்கும் ஈரம். அடியில கை வைக்க முடியாத சூடு. மொத்தத்தையும் இன்னைக்கே வெளிய எடுக்கணும்.”

பெரியப்பா குதிரைப் பார்த்தார். பிறகு பையோடு நின்ற மாமாவை. பிறகு என்னை.

“இது எப்பத் தெரிஞ்சது உனக்கு?” என்றார். “இப்பவா?”

“இல்ல,” என்றேன். “அன்னைக்கே. பத்தொன்பது நாளா எனக்குத் தெரியும்.”