மங்கம்மா சொன்ன செட்டு

திருவொற்றியூர்க் குப்பத்தில் மங்கம்மா "செட்டு" என்று சொன்ன அன்று, எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை பகல் மூன்று மணிக்கே சூரியன் இறங்கிவிட்டது. தெருவிளக்கைப் போட்டார்கள். கம்பெனிகளில் சைரன் ஊதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், சம்பளத்தில் பிடிக்கவில்லை. மாதவரத்தில் மட்டும் வழக்கம்போல ஆறரை வரை வெயில் அடித்தது. அந்தப் பக்கம் அவளுக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது. கண் கூசுகிறது, ஜன்னல் துணியைச் சரியாக இழுத்துவிடு என்றுதான் அவள் சொல்ல வந்தது. மறுநாள் விடிந்தது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

அந்த வருஷம் தை மாதத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போயிருந்தன. காசிமேட்டு மீன் ஏலத்தில் தடித்தடியான ஆம்பளைகளை வாய் மூட வைத்தவள் அவள். புருஷன் ராமதாஸை ஏசுவதற்கென்றே தனியாகக் கொஞ்சம் வார்த்தைகள் வைத்திருந்தாள். அத்தனையும் போய், திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. அதுவும் இரவல். கை கால் பயிற்சி கொடுக்க வரும் மெர்லின் என்கிற பெண், முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டே தினமும் "எல்லாம் செட் ஆயிடும் ஆன்ட்டி" என்பாள். மங்கம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். பசித்தால் செட்டு, கொசு கடித்தால் செட்டு, கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு செட்டு.

ராமதாஸுக்கு அந்த வார்த்தை ஆகாது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றிக் காலம் தள்ளியவர்; பெற்ற தாய் கொடுத்த தண்ணீரையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். வேலை செட் பண்ணித் தருகிறேன் என்றவன் தரவில்லை. வீட்டுமனை செட் ஆயிடும் என்றவன் ஊரையே காலி பண்ணிவிட்டுப் போனான். மகள் நீலாவைப் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வராமல் "செட் ஆகாதுங்க" என்று எழுந்து போனார்கள்.

"அதுக்கு இன்னாதாம்மா அர்த்தம்?" என்று ஒரு நாள் மெர்லினைக் கேட்டார்.

"ஒண்ணா ரெண்டா அங்கிள்? இங்கிலீஷ்ல அதுக்கு நூத்துக்கணக்குல கீதாம். உட்கார வைக்கிறது, பொருந்துறது, கூடுறது, இறுகுறது, இறங்குறது..."

"ஆளுக்கொரு அர்த்தம் சொன்னா அது வார்த்த இல்லம்மா, புரோக்கரு."

புரோக்கரானாலும் வேலை செய்தது. ஆனால் எந்த அர்த்தம் வரும் என்பது மட்டும் மங்கம்மாவின் கையில் இல்லை. ஒற்றைச் செருப்பைக் காட்டிச் சொன்னாள். போன வருஷ மழையில் அடித்துக்கொண்டு போன அதன் ஜோடி, ஈரத்தோடு வாசலில் வந்து நின்றது. சோறு கேட்டுச் சொன்னாள். பக்கத்து வீட்டு அஜீசுன்னிசாவின் முறிந்த மணிக்கட்டு கூடிவிட்டது. அவள் அந்தக் கையாலேயே பிரியாணி செய்து கொண்டுவந்தாள், ஆகச் சோறும் வந்தது. தலை சீவச் சொல்லிச் சொன்னாள். காளியம்மன் கோயில் ஸ்பீக்கரை வைத்து வெட்டு குத்து வரை போயிருந்த இரண்டு பங்காளி வீடுகள் ராசியாகிவிட்டன. குப்பமே அவளைக் கும்பிட்டது. ராமதாஸ் மட்டும் கும்பிடவில்லை. சூரியனையே இறக்கிய வாய், நாளைக்கு எதை இறக்குமோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தார்.

ஐப்பசியில் கடல் திடீரென்று புரண்டது. மகன் வெற்றி இன்னும் மூன்று பேரோடு ஃபைபர் படகில் போயிருந்தான். பகல் பதினொரு மணிக்குப் போன் வந்தது. "நைனா, இஞ்சின் பூட்ச்சு. தண்ணி ஏறிக்கினே கீது. அம்மாவாண்ட சொல்லாத." அத்தோடு கட்டாகிவிட்டது. கரையில் கொட்டியிருந்த கருங்கல் மேல் குப்பமே ஏறி நின்றது. படகு கண்ணுக்குத் தெரிந்தது. அலை தூக்கும்போது தெரியும், அப்புறம் காணாமல் போகும். காப்பாற்றப் போன இரண்டு படகுகளையும் கடல் திருப்பிக் கரையில் அடித்தது.

மெர்லின் மங்கம்மாவை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். மங்கம்மா கடலைப் பார்த்தாள். வாய் திறந்தது. ராமதாஸ் பாய்ந்து தன் உள்ளங்கையால் அதைப் பொத்தினார்.

"சொல்லாத மே! சூரியன் இறங்குன மாதிரி படகு இறங்கிடுச்சுன்னா?"

மங்கம்மா திமிறவில்லை. அவர் உள்ளங்கைக்குள் அவள் மூச்சு சூடாக முட்டியது. அங்கே படகு ஒருதரம் தெரிந்தது. அடுத்த தரம் தெரிய வேண்டிய நேரத்தில் தெரியவில்லை.

"கைய எடு அங்கிள், அவங்க பெத்த புள்ள," என்று மெர்லின் கத்தினாள்.

பெற்றவள் வாயில் இருக்கும்போது ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் இருந்தால்தான் என்ன? அவர் கையை எடுத்தார்.

"செட்டு."

கூழ் ஆறுவதுபோலக் கடல் இறுகியது. முதலில் மேலே ஆடை கட்டியது, பிறகு அடிவரை கெட்டியானது. எழும்பிய அலைகள் எழும்பியபடியே நுரையோடு நின்றன. தூரத்தில் ஒரு அலையின் பின்னாலிருந்து நாலு பேர் எழுந்து, காலால் தட்டிப் பார்த்துவிட்டு, நடக்க ஆரம்பித்தார்கள். வலையும் மீனும் படகுக்குள் இருந்ததால் வெற்றி அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே வந்தான்.

மெர்லின் சிலுவை போட்டுக்கொண்டாள். "தண்ணி மேல ஒருத்தர் நடந்ததாத்தான் அங்கிள் கேட்டிருக்கேன். இங்க நாலு பேரு வர்றாங்க."

"படகையும் சேத்து எண்ணு," என்றார் ராமதாஸ்.

கடைசி ஆள் கல்லில் ஏறியதும் கடல் இளகியது. அன்றைக்கு அகப்பட்ட சங்கரா மீனைத் தெரு முழுக்கப் பங்கு வைத்தார்கள். மறுநாள் காற்று அடங்கியதும் எல்லோரும் தொழிலுக்குப் போனார்கள்.

யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லாத ராமதாஸ், மகன் திரும்பிய அன்று மீன் முள்ளை எடுத்துவிட்டு மனைவிக்கு ஊட்டும்போது, "நல்லா இரு மே," என்றார். மங்கம்மா மென்று முடித்து, இடது கையை நீட்டி அவர் நெஞ்சில் ஒரு குத்து குத்திச் சொன்னாள்: "செட்டு." கூரை அப்படியே இருந்தது. வெளியே வெயில் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஒரே வயசுக்காரனை, கூடத் திரிகிறவனைக் குப்பத்தில் "நம்ம செட்டு" என்பார்கள். அது மெதுவாகத்தான் அவருக்கு உறைத்தது.

இப்போது அந்த வீட்டில் "செட்டு" என்பது அவரைக் கூப்பிடும் கூப்பாடு. தெரு முனை வரை கேட்கும். ராமதாஸ் எங்கே இருந்தாலும் "இன்னாமே, வந்துகினு கீறேன்" என்று குரல் கொடுத்தபடி போகிறார்.